இடைவேளைக்குள் எத்தனை தட்டுவடை செட்? கால்பந்து மைதானத்தில் சாப்பாடு, தண்ணீர், ஆரவாரம்: ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தலாம் என்று கமிட்டி கூடினால் கோப்பை, நடுவர், லைட்டு, பந்தல் என்று பேச்சு ஓடும். ரசிகர்களின் முறை கடைசியில்தான் வரும். வந்தாலும் "இன்னும் நாலு ஸ்டால் போடுவோம், ஸ்பீக்கரைப் பெருசா வைப்போம்" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் நாலு ஸ்டால் கூடுதலாகப் போட்ட பிறகும், இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரம் வரை டீக்கு வரிசை நிற்கிறது. ஸ்பீக்கர் பெரிதாகப் பெரிதாக கேலரி அமைதியாகிறது. செலவு செய்தும் பலன் இல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் சின்னக் கமிட்டிகூடக் குறைந்த செலவில் நல்ல ஏற்பாடு செய்யலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள்

கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் எழுந்து போகலாம். கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சுண்டல் வாங்கப் போன அந்த ஒரு நிமிடத்தில்தான் கோல் விழும் என்று எல்லோருக்கும் பயம். அதனால் யாரும் எழுவதில்லை. நடுவர் இடைவேளை விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் எழுகிறது. ஆட்ட விதிகளில் 7ஆவது விதிப்படி அந்த இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. உள்ளூர்ப் போட்டிகளில் பலவற்றில் அதைவிடவும் குறைவு.

ஒரு நாளின் மொத்தத் தேவையும் இப்படிச் சில நிமிடங்களில் குவிவதை உச்ச நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். மைதானத்தில் சாப்பாடு சம்பந்தமான எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இதைச் சமாளிக்கும் வித்தையை நம் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே பார்க்கலாம். ஒரு பந்தியில் 200 பேர் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதே 200 பேர் ஒன்றாக ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தால் பாதிப் பேருக்குத் தண்ணீர்கூட வந்து சேராது. பந்தியில் என்ன வேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை. ஆள் உட்காரும் முன்பே இலையில் பாதி ஐட்டம் விழுந்துவிடுகிறது. பணம் வாங்கும் மொய் மேஜை வேறிடத்தில் இருக்கிறது. பரிமாறுபவர் சில்லறை எண்ணுவதில்லை. மைதான ஸ்டாலுக்கும் வேண்டியது இந்த மூன்றும்தான்: குறைந்த ஐட்டம், முன்கூட்டிய தயாரிப்பு, தனியான காசு மேஜை.

ஒரு கவுண்டர் எத்தனை பேரைத் தாங்கும்?

1,000 பேர் வரும் போட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 400 பேர் இடைவேளையில் ஏதாவது வாங்க வருகிறார்கள் என்று வைப்போம். 15 நிமிடத்தில் இறங்கி வரவும் திரும்பிப் போகவும் ஆகும் நேரம் போக, வாங்குவதற்குக் கிடைப்பது சுமார் 10 நிமிடம், அதாவது 600 விநாடி.

ஒருவர் கவுண்டர் முன் வந்து நின்றதிலிருந்து பொருளோடு நகர்வது வரை ஆகும் நேரம் சேவை நேரம். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான சொல். "என்னண்ணே இருக்கு?" என்று கேட்டு, யோசித்து, சொல்லி, கடைக்காரர் போட்டுக் கொடுத்து, கணக்குச் சொல்லி, போனை எடுத்து ஸ்கேன் செய்து, "வந்துருச்சா?" என்று கேட்டு நகர 45 விநாடி ஆகிறது என்று வைப்போம். 600ஐ 45ஆல் வகுத்தால் ஒரு கவுண்டருக்கு 13 பேர். 400 பேருக்கு 30 கவுண்டர் வேண்டும். எந்தக் கமிட்டியாலும் முடியாது.

சேவை நேரத்தை 15 விநாடிக்குக் கொண்டுவந்தால் ஒரு கவுண்டர் 40 பேரை அனுப்பும். 10 கவுண்டர் போதும். அந்த 400 பேரில் பாதிப் பேரை இடைவேளைக்கு வெளியே நகர்த்திவிட்டால் 5 கவுண்டரே போதும். 30 எங்கே, 5 எங்கே! சமையல்காரரும் அவர்தான், ருசியும் அதேதான்.

உங்கள் மைதானத்துக்கான எண்ணைப் போன் ஸ்டாப்வாட்ச்சை வைத்து நீங்களே அளந்துவிடலாம். ஒரு ஸ்டால் முன் நின்று 20 பேருக்கு மொத்தம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதை 20ஆல் வகுத்தால் சேவை நேரம். கவுண்டரைக் கூட்டுவதா, விநாடியைக் குறைப்பதா என்ற விவாதம் அதோடு தீர்ந்துவிடும்.

விநாடி எங்கே கரைகிறது?

முதலாவதாகக் காசில். இடைவேளையில் ஆயிரம் போன்கள் ஒரே டவரை நோக்கித் திரும்பும்போது நெட் மெதுவாகிவிடும். யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும். பின்னால் நிற்கும் 30 பேரும் அந்த ஒருவரின் போனுக்காகக் காத்திருக்கிறார்கள். தீர்வு எளிது. வாசலிலேயே, ஆட்டம் தொடங்கும் முன், 10 ரூபாய், 20 ரூபாய் டோக்கனை வெவ்வேறு நிறத்தில் விற்றுவிடுங்கள். கவுண்டரில் டோக்கனைக் கொடுத்தால் பொருள். டோக்கன் வாங்காமல் வந்தவர்களுக்கு உள்ளே ஒரு மேஜை தனியாக இருக்கட்டும், அதில் 10 ரூபாய்த் தாள் கட்டுக்கட்டாக இருக்கட்டும். விலையை 12, 18 என்று வைக்காதீர்கள். சில்லறைக்காக நிற்கும் விநாடியின் மதிப்பு அந்த 2 ரூபாயைவிட அதிகம்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2017இல் திறந்த மெர்சிடிஸ் பென்ஸ் மைதானம் இதையேதான் பெரிய அளவில் செய்தது. அட்லாண்டா யுனைடெட் கால்பந்து அணி ஆடும் இடம் அது. வரியையும் உள்ளடக்கி முழு டாலரில் விலை வைத்தார்கள். ஹாட் டாக் 2 டாலர். பழைய மைதானத்தோடு ஒப்பிட்டால் விலை பாதி. ஆனால் முதல் பருவத்தில் ஒரு ரசிகரின் உணவுச் செலவு 16 சதவீதம் கூடியதாக நிர்வாகமே அறிவித்தது. மைதானத்தில் விலையை ஏற்றினால்தான் லாபம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தேர்வு. பத்து ஐட்டம் எழுதிய போர்டின் முன் மனிதர் யோசிப்பார். ஒரு கவுண்டருக்கு இரண்டு ஐட்டம் போதும். போர்டைக் கவுண்டருக்கு மேலே மாட்டாமல், வரிசையில் ஐந்தாறு பேர் பின்னால் நிற்பவர் படிக்கும் இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, கை. லண்டனில் 2019இல் திறந்த டோட்டன்ஹாம் மைதானத்தில் கோப்பையின் அடிப்பக்கம் வழியாகப் பீரை நிரப்பும் கருவி வைத்தார்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அது நிரம்பும் நேரத்தில் கை வேறு வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்பந்து மைதானத்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக்கூடாது. அதனால் குடிப்பவர்கள் எல்லோரும் இடைவேளையில்தான் மொய்ப்பார்கள். நமக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஒரு டீ கேனுக்கு இரண்டு பேர், ஒருவர் பிடிக்க, ஒருவர் எடுத்து நீட்ட என்று நின்றாலே போதும்.

இதுவரை பார்த்தது: கூட்டம் குவிவதை நம்மால் தடுக்க முடியாது, ஒருவருக்கு ஆகும் விநாடியைக் குறைக்க முடியும். காசைத் தனியாக்கு, தேர்வைச் சுருக்கு, கையை ஓயவிடாதே.

கூட்டத்தை நகர்த்துவது

ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே ஸ்டால் திறந்திருக்க வேண்டும். ஆட்டத்தின்போது கேலரிக்குள் தட்டு ஏந்திப் போகும் ஆட்கள் வேண்டும். ஆனால் கடலை, முறுக்கு, தண்ணீர் மட்டும். சூடான டீயைப் படிக்கட்டில் எடுத்துப் போகக் கூடாது. கோல் விழுந்தால் கூட்டம் ஒன்றாகக் குதிக்கும், டீ யார் முதுகிலாவது கொட்டும். விற்பவர் குனிந்து, ஓரமாக, படிக்கட்டு வழியே மட்டும் நடக்க வேண்டும். பார்வையை மறைத்தால் சண்டைதான் வரும்.

கழிப்பறையை மறக்கக் கூடாது. இடைவேளையில் பலர் முதலில் போவது அங்கேதான். பெண்களுக்கு நேரம் கூடுதலாக ஆகும் என்பதால் அவர்களுக்கான அறைகளும் கூடுதலாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு வந்தவர்கள் திரும்ப வருவார்களா என்பதை ஆட்டத்தின் தரத்தைவிட இதுதான் பல நேரம் முடிவு செய்கிறது. கழிப்பறை ஒரு பக்கம், ஸ்டால் மறுபக்கம் என்று பிரியுங்கள். இரண்டு வரிசையும் குறுக்கிட்டால் இரண்டும் நகராது.

தட்டுவடை செட்டை மைதானத்துக்குக் கொண்டுவருவது

சேலத்து மைதானத்தில் தட்டுவடை செட் இல்லாமல் முடியாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்து அடுக்குவதுதான் செட். ஆனால் இடைவேளைக்கு அதைப்போல் சிக்கலான ஐட்டம் வேறில்லை. கடைவீதியில் அண்ணன் ஒவ்வொரு செட்டாக அடுக்கித் தரும் வேகம் மாலை நேர வாடிக்கையாளருக்குப் போதும், 400 பேருக்குப் போதாது. "முன்னாடியே அடுக்கி வெச்சிடலாம்" என்றால் நமுத்துவிடும். பீட்ரூட், கேரட் துருவலிலும் சட்னியிலும் இருக்கும் ஈரத்தைத் தட்டுவடை உறிஞ்சிக்கொள்ளும். மொறுமொறுப்புப் போய்விட்டால் அது செட்டே இல்லை.

ஆகவே ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடியுங்கள். வெங்காயத்தைக் கடைசியில் சேருங்கள். உப்பை முன்பே போட்டால் காய் நீர் விடும். காரச் சட்னியும் புதினாச் சட்னியும் கரண்டியில் ஒட்டும் கெட்டிப் பதத்தில் இருக்கட்டும். தேங்காய் சேர்த்த சட்னி சேலத்து வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், வேண்டாம். அடுக்கும் வேலையை முதல் பாதியின் 40ஆவது நிமிடத்தில் தொடங்குங்கள். ஒருவர் அடித் தட்டுவடையைப் பரப்ப, ஒருவர் சட்னி தடவ, ஒருவர் காய் வைக்க, ஒருவர் மேலே மூட. ஆளுக்கு ஒரே வேலை. ஒரு தடவைக்கு ஒரு தட்டம், அது தீரும் முன் அடுத்தது.

கூட்டம் மிக அதிகம் என்றால் செட்டை விட்டுவிட்டு நொறுக்கலுக்கு மாறுவது நல்லது. தட்டுவடையை நொறுக்கித் தொன்னையில் உலர்ந்தபடி போட்டு வரிசையாக அடுக்கி வைக்கலாம். கொடுக்கும்போது ஒரு கரண்டி காய், ஒரு கரண்டி சட்னி. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நமுக்காது. ஒரு கையில் பிடித்து நின்றபடி சாப்பிடலாம் என்பதும் கேலரிக்கு வசதி.

சுண்டலுக்குக் கணக்கு இப்படி: ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தபின் 2 கிலோவுக்கு மேல் வரும், 100 கிராம் வீதம் சுமார் 20 பேருக்கு. வேக வைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. காலையில் அவித்து வெறும் மூடி போட்டு மாலைவரை வைப்பதுதான் வயிற்றுப்போக்கின் வழக்கமான தொடக்கம். எந்தச் சின்ன ஸ்டாலாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டே இடம் கொடுங்கள்.

ஏற்காட்டில் வேறு கணக்கு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை; 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கடலை வேக நேரம் பிடிக்கும். இரவே ஊறப்போட்டு குக்கரில் வைப்பதுதான் வழி. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் ஏறும்.

மாலையில் குளிர் இறங்கியதும் டீயும் சுக்குக் காப்பியும்தான் ஓடும். ஆனால் குளிர்ந்த கேனில் ஊற்றிய டீ உடனே சூட்டை இழக்கும். ஊற்றும் முன் கேனில் கொதிநீர் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு டீயை ஊற்றுங்கள். 10 லிட்டர் கேன் என்றால் 100 மில்லி வீதம் 100 பேருக்கு. தூளை வடிகட்டாமல் விட்டால் நேரம் ஆக ஆகக் கசக்கும். முதல் பாதியின் 30ஆவது நிமிடத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டி, கேனில் அடைப்பது சரியான நேரம்.

சேலத்திலிருந்து மேலே போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சட்னி வாளி, மோர்க் குடம் எல்லாம் அதில் ஆடிச் சிந்தும். ஈரமானதை மேலே போய் அரையுங்கள். உலர்ந்ததைக் கீழிருந்து கொண்டுபோங்கள். பொருள் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வரலாம் என்ற நினைப்பும் அங்கே உதவாது.

தண்ணீர் இலவசம்

சேலத்துக் கோடையில் மாலை நாலரை மணி ஆட்டத்துக்கு வருபவருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். 1,000 பேருக்கு 500 லிட்டர். 20 லிட்டர் கேன் 25. இதை விற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் காசுக்கு என்றால் சிறுவர்கள் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள், மயக்கம் போடுவார்கள். தொட்டித் தண்ணீர் என்றால் குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்று இந்தியக் குடிநீர்த் தரம் சொல்கிறது. அதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி மலிவானதுதான்.

கூடவே மோர். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. கடையில் வாங்கிய ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாவிட்டால் மோருக்குள் போடாமல் பாத்திரத்தைச் சுற்றி அடுக்கிக் குளிரவையுங்கள். ஆட்களை மேற்குப் பக்கக் கேலரியில் உட்கார வைத்தால் மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கண்ணும் கூசாது, தண்ணீர்த் தேவையும் குறையும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தடை இருக்கிறது. தண்ணீர்ப் பாக்கெட்டும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் அடக்கம். பாக்குமட்டைத் தட்டும் தொன்னையும் சரியான மாற்று. குப்பைத் தொட்டியை ஸ்டாலின் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை. சாப்பிட்டு முடிப்பது கேலரியில். தொட்டியும் அங்கே, ஏறி இறங்கும் வழியில் இருக்கட்டும். கேலரிப் பலகைக்கு அடியில் குப்பை சேரவே கூடாது. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் மரக் கேலரியின் அடியில் பல காலம் சேர்ந்த குப்பையில் பற்றிய தீ 56 பேரைக் கொன்றது. அடுப்பும் சிலிண்டரும் பந்தலுக்கு வெளியே, கேலரியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

சுருக்கமாக: ஈரமானதும் உலர்ந்ததும் கடைசி நிமிடத்தில் சேரட்டும், சூடானது 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், தண்ணீருக்குக் காசு வேண்டாம், குப்பை அடியில் தங்க வேண்டாம்.

ஆரவாரம் எப்படி உண்டாகிறது?

பெரிய ஸ்பீக்கர் கேலரியை அமைதியாக்கும் என்றேன். மனிதர் கூட்டத்தில் வாய்விட்டுக் கத்துவது பக்கத்தில் இருப்பவர் கத்துவது காதில் விழுந்தால்தான். ஸ்பீக்கரில் பாட்டு அலறும்போது தன் குரலே தனக்குக் கேட்காது. எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பந்து ஓடும் நேரம் முழுக்க ஸ்பீக்கர் ஓய்ந்திருக்கட்டும். கோல் போட்டவர் பெயர், ஆள் மாற்றம், இடைவேளையில் எந்தக் கவுண்டர் காலி என்ற தகவல்: இவ்வளவு போதும்.

அடுத்தது தூரம். 300 பேர் மைதானத்தைச் சுற்றிச் சிதறி உட்கார்ந்தால் சத்தமே எழாது. அதே 300 பேரை நடுக்கோட்டின் நேரே ஒரே கேலரியில் நெருக்கமாக உட்காரவைத்தால் மைதானம் அதிரும். இதற்குக் காரணம் ஒலித் தாமதம், அதாவது ஒலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக எடுக்கும் நேரம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 105 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்தின் ஒரு முனையில் தட்டும் கை மறுமுனைக்கு 0.3 விநாடி கழித்தே கேட்கும். விநாடிக்கு இரண்டு தட்டு என்ற வேகத்தில் அது பாதித் தாளத்துக்கும் மேல் பிசகு. இரு முனைகளும் ஒன்றையொன்று கேட்டுத் தட்ட முயன்றால் தாளம் சிதறி, சில நிமிடத்தில் இரண்டு பக்கமும் நிறுத்திவிடும். 30 மீட்டருக்குள் என்றால் தாமதம் 0.1 விநாடிக்கும் குறைவு; தாளம் கூடும். மேலே கூரை இருந்தால் போகும் சத்தம் திரும்பி வரும், இன்னும் நல்லது. ஓட்டப்பாதை உள்ள மைதானத்தில் கோலுக்குப் பின்னால் ஆட்களை உட்காரவைக்க வேண்டாம். வளைவின் காரணமாக அங்கே தூரம் மிக அதிகம்.

நம் ஊரில் பறை இருக்கும்போது வேறு எதுவும் வேண்டாம். பறைக் குழுவைக் கேலரியின் ஓரத்தில் நிறுத்தாமல் நட்டநடுவில் நிறுத்துங்கள். எல்லாத் திசைக்கும் தாமதம் ஒரே அளவாக இருக்கும். தோல் பறையைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். அதைக் கேலரிக்கு வெளியே, ஸ்டால் அடுப்புகளின் பக்கம் வைத்துக்கொள்ளட்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். இரண்டு செட் பறை இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று ஒலிக்கும். கோஷம் நாலைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். கார்னர் கிக்கின்போதும் த்ரோவின்போதும் தொடங்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். விசிலை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கேலரியில் ஒருவர் ஊதினால் வீரர்கள் நடுவர் ஊதியதாக நினைத்து நின்றுவிடுவார்கள்.

கடைசி விசிலுக்குப் பிறகு

ஆட்டம் முடிந்ததும் ஸ்டாலை மூடிவிடுவது பொதுவான வழக்கம். அது தவறு. மைதானப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூலின் கணக்குப்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். உங்கள் மைதானத்துக்கு 1.2 மீட்டர் கேட் ஒன்றுதான் என்றால் 1,000 பேர் வெளியேறச் சுமார் 10 நிமிடம் ஆகும். அதுவரை பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களை நெருக்குவார்கள். டீயிலும் சுண்டலிலும் நான்கில் ஒரு பங்கை இதற்கென்று எடுத்துவையுங்கள். பறை இன்னும் பத்து நிமிடம் ஒலிக்கட்டும். ஸ்டால்கள் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கூட்டத்தின் ஒரு பகுதி அங்கே நின்று டீ குடித்துவிட்டு, கேட் காலியானதும் மெதுவாகக் கிளம்பும்.